புல எண் 214/3

குத்தகை முடிந்து பதினோரு வருஷம்.
கோப்பு இன்னும் முடியவில்லை.
கருப்பூர் தாண்டி மண்சாலையில் திரும்பினால்
வெயிலைவிட வெளுத்த நிலம்.
ஜீப்பின் கண்ணாடியை ஏற்றிவிட்டும்
பல்லிடுக்கில் நறநறக்கிறது வெள்ளைக்கல்.
கிழக்கே சேர்வராயன் மலை
பச்சையாக, வேறு யாருடைய ஊரோ என்பதுபோல.

பூஜ்யத்தை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு
நாச்சிமுத்து கழிவுமேட்டில் ஏறுகிறார்.
மீதி எண்கள் என் கையில்.
"டேப்பு தீந்துபோச்சு மேடம்,
மேடு தீரலை."

மரக்கன்றுகள் அறுநூறு என்கிறது மூடல் திட்டம்.
எண்ணினேன்.
தானாக வந்த சீமைக்கருவேலத்தைக் கழித்தால்
பத்தொன்பது வேம்பு, இரண்டு புங்கன்.
நட்டதற்குப் புகைப்படம் இருக்கிறது.
மூன்று படத்திலும் ஒரே கன்று,
அதே கிழிந்த இலை.
பிடித்திருப்பவர்களின் சட்டைதான் வேறு.

பட்டா நிலத்துக்கு ஏழரை மீட்டர் விட்டு
வெட்ட வேண்டும் என்பது விதி.
அளந்தோம். ஒன்றே முக்கால்.
"ஏழரையை எப்பவோ இவங்க தலையில
எறக்கிட்டுப் போயிட்டாங்க" என்றார் நாச்சிமுத்து.
சிரித்துவிட்டேன்.
பிறகுதான் பார்த்தேன், பின்னால் ஆள் நிற்பதை.

வேலி: கல்தூண்கள் உண்டு.
கம்பி ஊருக்குள் போய்
கொடிகளாகித் துணி உலர்த்துகிறது.

குழி:
நீளம், அகலம், ஆழம் எழுதக் கட்டங்கள் உண்டு.
நிறத்துக்கு இல்லை.
பாலில் மயில்துத்தம் கரைத்த மாதிரி ஒரு நீர்.
கரையில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார்,
கறுப்புக் குழாய் ஒன்று சோளக்காட்டுக்கு.
முக்குளிப்பான் ஒன்று இங்கே மூழ்கி
நான் பார்க்காத இடத்தில் எழுகிறது.

பையில் இரண்டு மனுக்கள்.
இரண்டும் ஒரே கையெழுத்து,
கலெக்டர் ஆபீஸ் வாசலில்
மனுவுக்கு எண்பது ரூபாய் வாங்குகிறவருடையது.

அய்யா, குழியை மூடக் கூடாது.
எண்ணூறு அடி போர் போட்டும் புகைதான் வந்தது.
இந்தத் தண்ணீரில் மூன்று ஏக்கர் பிழைக்கிறது.
இப்படிக்கு, செ. மாதேசன்.

அய்யா, குழியை உடனே மூட வேண்டும்.
போன ஆடியில் என் மகன் தீர்த்தகிரி,
ஏழாம் வகுப்பு,
இப்படிக்கு, பாவாயி, க/பெ மாதேசன்.

கதவு எண் இரண்டிலும் 2/41.

இருவரும் வந்திருந்தார்கள்.
அவர் மோட்டார் அருகில்.
அவள் மேட்டுக்கு இந்தப் பக்கம்,
தண்ணீர் கண்ணில் படாத தூரத்தில்.
சொம்பை நீட்டினாள்.
நான் தயங்கியதைப் பார்த்து
"பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணிதான். குடிங்க" என்றாள்.
அந்தக் குழாய் ஒரு மைலுக்கு அப்பால்.
வரும்போது பார்த்திருந்தேன், குடங்களின் வரிசையை.

ஒன்பதாம் பத்தி கேட்கிறது:
நிலம் முந்தைய நிலைக்கு மீட்கப்பட்டதா?
ஆம், இல்லை.
முந்தைய நிலை என்னவென்று கேட்டேன்.
"கரடு. ஆடு மேயும்.
கல்லு உள்ளே இருந்துச்சு."

நிரப்பலாம் என்று எழுதலாம்,
லாரிக் கணக்கும் சேர்த்து.
கம்பி கட்டி விட்டுவிடலாம் என்றும் எழுதலாம்.
கம்பி கொடியாகும் என்று எனக்குத் தெரியும்.
குத்தகைதாரர் கட்டிய வைப்புத்தொகையில்
இரண்டில் எதற்கும் பாதிகூடத் தேறாது.

ஆழம் மட்டும் மிச்சம்.
நாச்சிமுத்து கயிற்றில் கல் கட்டினார்.
மாதேசன் மோட்டாரை நிறுத்தினார்.

"கயிறு வேண்டாம்மா.
இந்த ஓரம் ரெண்டு ஆளு.
அந்த மூலையில நாலு ஆளு.
தரை சேறு இல்லை, கல்லு."

எப்படித் தெரியும் என்று
நாங்கள் இருவரும் கேட்கவில்லை.
மேட்டுக்கு அந்தப் பக்கம்
சொம்பைக் கவிழ்த்து உதறும் சத்தம்.

படிவம் மீட்டரில் கேட்கிறது.
ஓர் ஆள் என்றால் எவ்வளவு என்று
பேனாவை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
இவர் உயரமா,
ஏழாம் வகுப்பின் உயரமா.

மோட்டார் மறுபடி ஓடத் தொடங்கியது.
குழாய் ஒருமுறை இருமிவிட்டு
காட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோனது.